ஸ்லீவா, பைபாஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடும் உடற்பருமனுக்கான அறுவை சிகிச்சை குறித்த விளம்பரங்கள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளியாகின்றன. முன்பு, பின்பு என இரு படங்கள் இருக்கும். எந்த அறுவை சிகிச்சை என்ற விவரம் மட்டும் இருக்காது.

என் தங்கை மகனின் எடை 124 கிலோ. சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு தலையணை வைத்துப் படுத்தாலும் நள்ளிரவில் புளிப்பு தொண்டைக்கு ஏறிவிடும் என்பதால், ஜெலூசில் புட்டி அவன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். நாங்கள் சென்ற மருத்துவமனையிலோ, நெஞ்செரிச்சல் உண்டா என்று ஒருவரும் கேட்காமலேயே ‘ஸ்லீவ்’ சிகிச்சைக்கு நாள் குறிக்க முற்பட்டார்கள்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்குகிறார்கள். குடலில் கைவைக்காததால் இது எளிது. ஆனால் அக்குறுகிய குழாயில் அழுத்தம் கூடுவதால், அமிலம் மேலேறும் தொல்லை பலருக்கு மிகுந்துவிடுகிறது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் முட்டையளவுப் பையைப் பிரித்துச் சிறுகுடலோடு இணைப்பதால் அத்தொல்லை பெரும்பாலும் தணிகிறது. பின்லாந்தில் 240 பேரிடம் இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2022இல் வெளியாயின. மிகை எடையில் ஸ்லீவ் செய்தவர்களுக்கு 43.5 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களுக்கு 50.7 சதவீதமும் குறைந்திருந்தன. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் அழற்சி முன்னவர்களில் 31 சதவீதத்தினருக்கும் பின்னவர்களில் 7 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது என்பதே என்னை யோசிக்க வைத்தது.

பைபாஸுக்காக வாதாடுவது என் நோக்கமன்று. அதன் பிறகு பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை ஆயுள் முழுவதும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள், இரைப்பைப் பையும் குடலும் இணைந்த இடத்தில் புண் உண்டாக்கக்கூடும். ஆண்டுகள் கழித்தும் குடல் உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு. வயிற்றில் முன்பே பெரிய அறுவை நடந்தவருக்கு ஸ்லீவே உகந்ததாக இருக்கலாம். இரைப்பையின் மேற்புறத்தில் பட்டை பொருத்தும் மூன்றாவது முறை, பட்டை நழுவி மறு அறுவைக்கு வந்தவர்கள் பெருகியதால், ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது.

ஸ்லீவைப் பின்னாளில் பைபாஸாக மாற்றலாம். வெட்டி எறிந்த இரைப்பை திரும்பாது. ஆதலால் இத்தகைய விளம்பரங்களில் முறையின் பெயரையும் அதன் பின்விளைவுகளையும் குறிப்பிடுமாறு தாங்கள் வலியுறுத்த வேண்டுகிறேன். தங்கை மகனுக்கு வேறொரு மருத்துவர் முதலில் எண்டோஸ்கோபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்