லிதோட்டமி பொசிஷன், அலிஸ்–பாப்கொக் குழப்பம்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி ஒபரேஷன் தியேட்டர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கச்சி, தம்பிமார் கவனத்திற்கு.

மூலம், கருப்பை, சிறுநீர்ப்பை என்று பல பிரிவுகளிலும் வருவது லிதோட்டமி, அதாவது நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை மடக்கி, விரித்து, தூக்கி வைக்கும் நிலை. இரண்டு கால்களையும் இருவராக நின்று ஒரே நேரத்தில் தூக்குங்கள். ஒவ்வொன்றாகத் தூக்கினால் இடுப்பு முறுகும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதைச் சுற்றித்தான் பெரோனியல் நரம்பு, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கால் தாங்கும் கம்பி அதில் அழுத்தினால், நோயாளி எழும்பி நடக்கும்போது பாதம் தொங்கும். கட்டாயம் மெத்தை வையுங்கள்.

நோயாளியின் கையை 90 பாகைக்கு மேல் விரிக்க வேண்டாம். இறக்கி வைத்த மேசையின் கால்பக்கத்தைத் திரும்ப உயர்த்தமுன் நோயாளியின் விரல்கள் எங்கே என்று கண்ணால் பாருங்கள், மூட்டில் அகப்பட்டால் நசுங்கிவிடும். கால்களை இறக்குவதும் ஒன்றாக, மெதுவாக, மயக்க மருந்து டொக்டருக்குச் சொல்லிவிட்டுத்தான். பிரஷர் சட்டென்று விழும்.

அடுத்தது அலிஸ், பாப்கொக். இரண்டுமே இழையத்தைப் பிடிக்கும் இடுக்கிகள். அலிஸின் நுனியில் பல் உண்டு. பாப்கொக்கில் இல்லை, நுனி வளைந்து, நடுவில் திறந்திருக்கும். குடலுக்கும் பலோப்பியன் குழாய்க்கும் (கருக்குழாய்) பாப்கொக்தான். அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் குடல் கிழியும். சேர்ஜனின் கையில் வைக்கமுன் நுனியைப் பாருங்கள்.