தள்ளினதும் தல்லினதும்: எல்லையோர வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

இடுக்கி, பாலக்காடு எல்லைத் தாலுகாக்களில் கிரிமினல் கேஸ் நடத்தும் வக்கீல்மார்களுக்கு,

வணக்கம். நான் சட்டம் படித்தவனில்லை. வண்டிப்பெரியாறில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் சித்தி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவள். லயத்துப் படிக்கட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் படிக்கட்டில், நடந்த ஒரு தகராறுக்கு அவள் சாட்சி. அவள் கூண்டேறிய அன்று துணைக்குப் போனேன்.

"புடிச்சுத் தள்ளினான், இவன் உருண்டு விழுந்தான்." அவள் பார்த்தது இவ்வளவுதான், போலீஸிடமும் இதையேதான் சொன்னாள். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் மலையாளி. அவர் காதில் விழுந்தது 'தல்லி'. மலையாளத்திலும் 'தள்ளி' என்றால் நம்முடைய தள்ளல்தான். 'தல்லி' என்றால் அடித்தது. ஒரு ளகரம் லகரமானதில் தள்ளினவன் அடித்தவனாகிவிட்டான்.

கோர்ட்டில் சித்தி மறுபடி 'தள்ளினான்' என்றாள். குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் போலீஸ் எழுதின காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "தல்லி என்னல்லே பறஞ்ஞது?" (தல்லி என்றுதானே சொன்னாய்?) என்றார். சித்திக்கு அது தன் சொல்லாகவே கேட்டது. "ஆமாய்யா, அதத்தான சொல்றேன்" என்றாள். "அப்போ தள்ளினான் என்பது பொய்யா?" "ரெண்டும் ஒண்ணுதானேய்யா!" பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள். இதில் வேடிக்கை, தள்ளினான் என்பது அந்த வக்கீலின் கட்சிக்காரருக்குத்தான் சாதகம்.

அத்தோடு விடவில்லை. சம்பவத்தன்று கூட இருந்தது யார் என்றதற்கு "மாமா" என்று சொல்லியிருந்தாள். காகிதத்தில் அது 'அம்மாவன்' ஆகியிருந்தது. கட்டின புருஷனை மாமா என்று கூப்பிடும் பெண்ணிடம், தாய்மாமன் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரணை நடந்தது.

குறுக்கு விசாரணையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. என் அத்தை மகன் ஒரு பொய்க் கேஸில் மாட்டியபோது அவனைக் காப்பாற்றியதே அதுதான். நூறடி தள்ளி நின்று முகத்தைப் பார்த்தேன் என்ற சாட்சியிடம், "அன்னிக்குப் பனிமூட்டம் எப்படி?" என்று ஒரே கேள்வி. எதிரே வந்த ஜீப்பே தெரியவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அது வித்தை. சித்தியிடம் நடந்ததை அந்தக் கணக்கில் என்னால் சேர்க்க முடியவில்லை.

நாள் போகப் போக நானும் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 162, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 181. சித்தி அந்தக் காகிதத்தைப் பார்த்ததுகூட இல்லை. முன்பு எழுதியதை வைத்து சாட்சியை முரண்படுத்த வேண்டுமானால், அந்தப் பகுதியை முதலில் சாட்சிக்கு எடுத்துக்காட்ட வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 148ஆம் பிரிவு சொல்கிறது. பழைய 145தான் அது. தமிழச்சிக்கு மலையாளத்தில் படித்துக்காட்டினால் எடுத்துக்காட்டியதாகுமா? வேறு மொழியில் சொல்லும் சாட்சியத்தை முடிந்தவரை அதே மொழியில் பதியலாம், முடியாவிட்டால் சரியான மொழிபெயர்ப்பு வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதா 312 சொல்கிறது. பதிந்ததைச் சாட்சிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்கிறது 313. சாட்சியின் மனசு வீடியோ நாடா இல்லை, சில்லறை முரண்களைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று 1983லேயே ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே கேட்பது இரண்டுதான். தமிழ்ச் சாட்சியை மடக்கும் முன், அந்த வரியைத் தமிழில் சொல்லி "இப்படிச் சொன்னியா?" என்று கேளுங்கள். அரசுத் தரப்பு வக்கீல்களே, சொல் புரண்டது தெரிந்ததும் எழுந்திருங்கள். எழுதின போலீஸ்காரர் கூண்டேறும்போது, அவர் காதில் விழுந்தது என்ன சொல் என்று அவரிடமே கேளுங்கள். அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டா, தள்ளுறதுக்கும் தள்ளுறதுக்கும் என்னடா வித்தியாசம்?" நாக்கை மடக்கியும் நீட்டியும் சொல்லிக் காட்டினேன். குட்டிக்கானம் தாண்டும் வரை அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்படிக்கு,
ஒரு சாட்சியின் அக்கா மகன்
வண்டிப்பெரியாறு