பேத்தியின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள நண்பனுக்கு,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. பாரம் தூக்காதே. இங்கே எல்லாரும் சுகம்.

உன் பேத்தி கேட்டது மூன்று நாளாக மனதில் ஓடுகிறது. தண்ணீர் தீயை அணைக்குமென்றால் சோடியம் ஏன் தண்ணீரில் போட்டதும் பற்றுகிறது? அருமையான கேள்வி. அவளிடம் இப்படிச் சொல்லிப் பார்: விறகு எரிந்தால் சாம்பல், ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர். தண்ணீர் என்ற அந்தச் சாம்பலுக்குள் ஆக்சிஜன் இறுகிக் கிடக்கிறது. சில உலோகங்கள் ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிட்டு அந்த ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளும். அப்போது சூடு கிளம்பும். சோடியத்துக்குப் பச்சைத் தண்ணீரே போதும், மெக்னீசியம் எரிய நீராவி வேண்டும்.

நம் ஆய்வகம் நினைவிருக்கிறதா? சோதனைக் குழாயின் அடியில் ஈரப் பஞ்சு, நடுவில் மெக்னீசிய நாடா. நாடாவைச் சூடேற்றி, பஞ்சிலிருந்து ஆவி கிளம்பியதும் கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சம். குழாய் வாயில் வந்த வாயுவை வாத்தியார் பற்றவைத்தார். குழாய் விரிசல் விட்டது. உள்ளே வெண்பொடி.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்ததும் இந்த வகை வினைதான். அங்கே அணு எரிபொருளை மூடியிருந்தது சிர்கோனியம் என்ற உலோகத்தின் கலவையில் செய்த உறை. அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகளை அதிகம் விழுங்காது, 300 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் நீரிலும் வருஷக்கணக்கில் தாங்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுனாமியில் மின்சாரம் போய், குளிர்விப்பு நின்று, நீர்மட்டம் இறங்கியது. வெளியே தெரிந்த உறை சூடேறி நீராவியோடு வினைபுரிந்தது. 1200 டிகிரியைத் தாண்டினால் அந்த வினை தன் சூட்டிலேயே வேகம் பிடிக்கும். கிளம்பிய ஹைட்ரஜன் கட்டடத்தின் மேல்பகுதியில் சேர்ந்து, 12-ம் தேதி முதலாம் உலைக் கட்டடமும் 14-ம் தேதி மூன்றாம் உலைக் கட்டடமும் வெடித்தன. அணுகுண்டு மாதிரி வெடித்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லையப்பா, நம் சோதனைக் குழாயின் வாயில் எரிந்த அதே வாயுதான்.

நான் வேலை பார்த்த பட்டறையில் ஒருமுறை கடைசல் இயந்திரத்தடியில் மெக்னீசியச் சீவல் பற்றிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பையன் பதறிப்போய் வாளித் தண்ணீரை வீசினான். தீ சீறி எழும்பி அவன் முழங்கை வரை சுட்டுவிட்டது. அவன்மேல் தப்பே இல்லை. காய்ந்த மணலைப் போட்டு மூட வேண்டும், ஈர மணல்கூட ஆகாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பாடத்தில் சமன்பாடு எழுதவைக்கிறோமே, அதோடு இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னால் என்ன? எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சரி, பரீட்சை முடிந்ததும் பேத்தியை அழைத்துக்கொண்டு வா. மெக்னீசிய நாடா வாங்கி வைக்கிறேன், பக்கத்தில் மணல் வாளியும் இருக்கும். நீ மட்டும் அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது, திரும்பி உட்கார்ந்துகொள். என்ன தெரிந்தது என்று அவள் உனக்குச் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்