அக்காவுக்கு, மார்ச் 13 அன்று

அக்கா,

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள்; அதனால் பெயர், இடம் எதுவும் எழுதவில்லை.

1996இல் இதே நாளில்தான் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி, இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, 54 வயதில் இறந்தார். மறுபடியும் அவர் கதையா என்று சலித்துக்கொள்ளாதே. 'நீலம்' படத்தின் சர்க்கரைக் கட்டியைப் பற்றி, காபியில் ஐந்தே வினாடியில் ஊற வேண்டும் என்று தேடிப் பிடித்த அந்தக் கட்டியைப் பற்றி, உன்னிடம் எத்தனையோ முறை பேசிவிட்டேன். அதற்கு முந்தைய கீஸ்லோவ்ஸ்கியைச் சொன்னதில்லை.

அவர் ஆவணப்படம் எடுத்தவர். 1974இல் 'முதல் காதல்' படத்துக்காக ஓர் இளம் ஜோடியை, குழந்தை பிறக்கும்வரை கேமராவோடு பின்தொடர்ந்தார். உண்மையான கண்ணீரைக் கண்டால் பயமாக இருக்கிறது, அதைப் படமெடுக்கத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை என்று பின்னாளில் சொன்னார். 1980இல் வார்சா ரயில் நிலையத்தில் எடுத்த சுருள்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கொலை செய்த ஒரு பெண் அதில் பதிவாகியிருக்கலாம் என்று சந்தேகம். அவள் அதில் இல்லை. இருந்திருந்தால், தானே அவளைக் காட்டிக்கொடுத்தவனாகியிருப்போமே என்ற எண்ணம் அவரை விடவில்லை. ஆவணப்படத்திலிருந்து விலகினார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நான் கேமராவை இறக்கவில்லை. உன் உள்ளங்கை லென்ஸை மூடியது. படத்தில் முதலில் மங்கல், பிறகு இருட்டு, விரலிடுக்கில் குழல்விளக்கின் ஒரு வெள்ளைக் கோடு. ஒலி மட்டும் ஓடுகிறது. என் பெயரை இரண்டு முறை சொல்கிறாய். அதட்டவில்லை, கெஞ்சுகிறாய்.

மன்னித்துவிடு. அப்பா முகம் மறந்துவிடுமோ என்ற பயத்தில்தான் எடுத்தேன். காசநோய்க்கார அப்பாவோடு சானடோரியம் சானடோரியமாக அலைந்த பையன்தான் கீஸ்லோவ்ஸ்கியும். அந்த வயதில் அவன் கையில் கேமரா இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டானா? பத்தொன்பது இரவுகள் அந்தக் கட்டிலருகே தனியாக இருந்தேன், அக்கா. நீ கடைசி இரண்டு நாள் வந்தாய். வந்ததும் என்னைக் குற்றவாளி ஆக்கினாய். அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. உன்னால் ஏன் முன்பே வர முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன்.

நேற்றிரவு நீ இருக்கும் பகுதிகளை எல்லாம் அழித்துவிட்டேன். பிரதி எதுவும் இல்லை. நீ வருவதற்கு முந்தைய இரவு, அப்பா இருமி முடித்து, "அவள் கிளம்பிவிட்டாளா?" என்று கேட்கும் பகுதியை மட்டும் வைத்திருக்கிறேன். பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன். பார்ப்பது உன் விருப்பம்.

தம்பி