ஊர் நகர்ந்த கதை

உட்ரெக்ட்

அன்புள்ள விஜி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இதை நீயே படிக்க உட்காராதே. மருமகளைப் படிக்கச் சொல்லிக் கேள். இங்கே நெதர்லாந்தில் எல்லோரும் சௌக்கியம். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். குளிர் மட்டும்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை ஒரு கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டெ ஹார் என்று பெயர். உட்ரெக்டுக்கு மேற்கே 10 கிலோமீட்டர் இருக்கும், ஹார்ஸௌலன்ஸ் என்ற சின்னக் கிராமத்தை ஒட்டி. இத்தனை வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளாயிற்றே, நீ பக்கத்தில் இல்லையே என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டேன்.

அகழி, பாலம், கூம்புக் கூரை போட்ட கோபுரங்கள் என்று தூரத்திலிருந்து பார்க்கும்போது ஐந்நூறு, அறுநூறு வருஷமாக அப்படியே நிற்பதுபோல இருந்தது. உண்மை அதுவல்ல. 1391-லேயே பத்திரங்களில் பெயர் வருகிற இடம்தான். பிறகு வான் ஸௌலன் குடும்பத்துக்குப் போனது. 1482-ல் எரித்தார்கள், திரும்பக் கட்டினார்கள். 1672-ல் பிரெஞ்சுப் படை வந்தபோது மறுபடி அடி வாங்கியது. அப்புறம் கவனிக்க ஆளில்லாமல் இடிபாடாகவே கிடந்திருக்கிறது.

1890-ல் அந்த இடிபாடு எட்டியன் வான் ஸௌலன் என்ற பிரபுவுக்குச் சொத்தாக வந்தது. அவர் மனைவி ஹெலன், ராத்ஸ்சைல்ட் என்ற பெரிய வங்கிக் குடும்பத்துப் பெண். (விஜி, அந்தக் காலத்திலேயே கார் பந்தயத்தில் ஓட்டியவள் இவள். 1898-ல் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போய்த் திரும்பும் பந்தயம்.) பணத்துக்குக் குறைவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தையும் சென்ட்ரல் ரயில் நிலையத்தையும் வடிவமைத்த பியர் கௌபர்ஸைக் கூப்பிட்டார்கள். 1892-ல் தொடங்கி 20 வருஷம் வேலை நடந்திருக்கிறது. வெளியே பார்த்தால் இடைக்காலம், உள்ளே மின்சார விளக்கு, அதற்குச் சொந்த ஜெனரேட்டர், நீராவியில் அறைகளைச் சூடாக்கும் வசதி! சமையலறையை விட்டு வர எனக்கு மனசே வரவில்லை. நடுவில் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. சுவரோரம் வரிசை வரிசையாகச் செப்புப் பாத்திரங்கள், சட்டுவத்திலிருந்து அண்டா வரைக்கும். ஓடுகளில்கூடக் குடும்பச் சின்னம் இருக்கிறது.

கௌபர்ஸ் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. எது மிஞ்சியிருந்த பழைய சுவர், எது தான் எழுப்பிய சுவர் என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்று, புதிதாகக் கட்டிய இடத்துக்கெல்லாம் வேறு வகைச் செங்கல் வைத்திருக்கிறார். பழையது சொரசொரப்பாக, ஓரம் தேய்ந்து கிடக்கிறது. புதியது ஒரே சீராக இருக்கிறது. இரண்டும் சேருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். பொய் சொல்லாத வேலை என்று தோன்றியது.

ஆனால் கோட்டைக்கு ஒரு பூங்கா வேண்டியிருந்தது. அது வரவேண்டிய இடத்தில் ஊர் இருந்தது. அதனால் ஊரையே இடித்துவிட்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். தேவாலயத்தை மட்டும் தொடவில்லை. அது இன்றைக்கும் கோட்டைப் பக்கம்தான் நிற்கிறது, சுற்றிலும் ஒரு வீடு இல்லாமல். பூங்காவுக்குக் கன்று நட்டுக் காத்திருக்கப் பிரபுவுக்குப் பொறுமை இல்லை. நாற்பது வயது மரங்கள் 7,000-ஐ வேரோடு பெயர்த்து வண்டியில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். உட்ரெக்ட் தெருவில் வண்டி திரும்ப முடியாமல் ஒரு வீட்டையே விலைக்கு வாங்கி இடித்தாராம்.

வளர்ந்த மரங்கள் உள்ளே வந்தன, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வெளியே போனார்கள். அந்த மரங்களின் நிழலில் நடக்கும்போது எனக்கு இதே நினைப்புதான். யார் வீட்டு அடுப்படி இருந்த இடத்தில் நான் நிற்கிறேன்? செங்கல்லுக்கு அத்தனை நேர்மை பார்த்தவர்கள், இங்கே ஒரு வீடு இருந்தது என்று புல்லில் ஒரு கல்லாவது பதித்திருக்கலாம். என் கண்ணில் எதுவும் படவில்லை.

சாயங்காலம் புது ஊருக்கும் போனோம். புது ஊர் என்றாலும் நூறு வயதைத் தாண்டிவிட்டது. நடுவில் புல்வெளி, சுற்றி அடக்கமான செங்கல் வீடுகள். கட்டினவர்கள் நன்றாகத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜன்னல் கதவுகளில் சிவப்பும் வெள்ளையும், பிரபு குடும்பத்து நிறம். கோட்டையை 2000-ல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார்கள், ஆனாலும் அந்த நிறம் மாறவில்லை. ஒரு வீட்டு வாசலில் வயதான அம்மா ஒருத்தர் ஜன்னல் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்புப் பட்டையை முடித்துவிட்டு, துணியை மடித்துத் திருப்பிக்கொண்டு வெள்ளைக்குப் போனார்.

பழைய செங்கல்லும் புதிய செங்கல்லும் சேரும் இடத்தை உனக்காகவே படம் எடுத்தேன். டாக்டர் சரி என்று சொன்னதும் எழுது, அனுப்பி வைக்கிறேன். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு.

உன்
கல்யாணி