பாட்டில் யார் பெயர் போடுவது?

அன்பு மகளுக்கு,

டியூன் போட்டது நீ, பெயர் மட்டும் பாடுகிற பையனுக்கா என்று கொதித்துப்போய் மெசேஜ் அனுப்பியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் கோபம் நியாயம்தான். ஆனால் குழுவை விட்டு விலகுவதற்கு முன் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் கதையைக் கொஞ்சம் கேள்.

'லூசிங் மை ரிலிஜியன்' பாட்டால் ஒரே நாளில் மேலே வந்தவர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பாட்டு வந்தது 1991இல். குழு தொடங்கியது 1980இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில். கிடார் வாசித்த பீட்டர் பக் அங்கே ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார், கடைக்கு வந்துபோன மாணவர்தான் பாடகர் மைக்கேல் ஸ்டைப். பேஸ் கிடார் வாசித்த மைக் மில்ஸும் டிரம்மர் பில் பெர்ரியும் பள்ளியிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். முதல் கச்சேரி ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு!

அப்புறம் வேனில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். பெரிய வானொலிகள் கண்டுகொள்ளவில்லை, மாணவர்களே நடத்தும் கல்லூரி வானொலிகள்தான் தூக்கிவிட்டன. 1983இல் வந்த 'மர்மர்' ஆல்பத்தை அந்த ஆண்டின் சிறந்ததாக ரோலிங் ஸ்டோன் பத்திரிகை தேர்ந்தெடுத்தது, அதுவும் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். அதற்காகப் பணம் கொட்டிவிடவில்லை. ஆண்டுக்கு ஒன்றாக ஆல்பம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், 1987இல்தான் ஒரு பாட்டு அமெரிக்காவின் முதல் பத்துக்குள் வந்தது. மறு ஆண்டு வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். 'லூசிங் மை ரிலிஜியன்' நான்காம் இடம் வரை ஏறியது. பக் மாண்டலின் கற்றுக்கொண்டிருந்தபோது விரலில் வந்த மெட்டு அது, வழக்கமான கோரஸ்கூடக் கிடையாது.

இத்தனை வருடம் நாலு பேர் எப்படி ஒரே வேனில் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: பாட்டு யார் மனதில் பிறந்தாலும் நாலு பேர் பெயரும் போடுவார்கள், அகரவரிசையில், பணமும் சமபங்கு. முக்கியமான முடிவில் ஒருவர் வேண்டாம் என்றால் மற்ற மூவரும் விட்டுவிட வேண்டும். 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்ற அவர்களுடைய பாட்டு பெரும்பாலும் டிரம்மர் பெர்ரி எழுதியது, ஆனால் ஆல்பத்தில் அப்படித் தனியாகப் போட்டிருக்காது. சமபங்கு என்றால் நல்ல பாட்டு தருகிறவருக்கு நஷ்டம்தானே என்பாய். சில பாட்டில் நஷ்டம்தான். ஆனால் தன் பாட்டுதான் ஆல்பத்தில் வர வேண்டும் என்று யாருக்கும் அடித்துக்கொள்ளத் தேவையில்லாமல் போயிற்று பார்.

1997இல் பெர்ரி விலகினார், மற்ற மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள். அந்தப் பிரிவுகூட நீதிமன்றச் சண்டையாக மாறவில்லை.

அதனால் அடுத்த ரிகர்சலில் கிடாரை எடுப்பதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள். பேசியதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், சினேகிதர்கள்தானே என்று விட்டுவிடாதே. அந்த டிரம்மர் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை, அவனிடம் யாருமே எதுவும் கேட்பதில்லை போலிருக்கிறதே.

அன்புடன்,
அப்பா