கடமை மாறும் வேளையில் கவனம் தேவை

ஆசிரியருக்கு,

வைத்தியசாலையில் ஏதும் தவறு நடந்தால் "யாருடைய கவனயீனம்?" என்றே முதலில் கேட்கிறோம். பல வேளைகளில் பிழைப்பது தகவல் கைமாறும் இடம்தான்.

குழுவில் எல்லோரும் எல்லாவற்றையும் நினைவில் வைப்பதில்லை. எது யாருக்குத் தெரியும் என்பதையே அறிந்திருக்கிறார்கள். உளவியலாளர் டானியல் வெக்னர் 1985இல் இதை விளக்கினார். கடமை மாறி ஆட்கள் போகும்போது இந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது.

தொலைபேசியில் மருந்து சொல்லும்போது "ஓம் டொக்டர்" என்ற பதில் போதவே போதாது. கேட்டவர் மருந்து, அளவு, கொடுக்கும் வழி மூன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்று உறுதிப்படுத்த வேண்டும். கொழும்பு வாட்டுகளில் மூன்று மொழிகளும் கலந்தாலும் எண்கள் ஆங்கிலத்தில்தான் வரும். பிஃப்டீனும் பிஃப்டியும் காதுக்கு ஒன்றுபோலவே விழும். "வன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் குழப்பமில்லை.

கடமை ஒப்படைப்பில் நோயாளியின் நிலை, அவரைப் பற்றிய சுருக்கம், செய்ய வேண்டியவை, நிலை மோசமானால் என்ன செய்வது, இறுதியாகப் பொறுப்பேற்பவர் திருப்பிச் சொல்வது என்ற ஒழுங்கை வட அமெரிக்காவின் 9 வைத்தியசாலைகள் பயிற்சியோடு பின்பற்றின. மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் முடிவு வெளியானது. படிவத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் இந்தப் பலன் வராது. திருப்பிச் சொல்லும் கடைசிப் படியைத்தான் அவசரத்தில் முதலில் விடுகிறார்கள். இளம் தாதியர் கேள்வி கேட்கவும் தயங்குகிறார்கள்.

ஒப்படைப்பு நேரத்தில் தொலைபேசிக்குத் தனியாக ஒருவரை நிறுத்துங்கள். கேள்வி கேட்கும் முதல் வாய்ப்பை ஆக இளையவருக்கே கொடுங்கள்.

தாதியப் பயிற்றுநர்கள் சிலர்,
கொழும்பு